குரலுக்குப் பணியும் ஒலிபெருக்கியும் எமது வீடுகளும்

வடமராட்சியின் தொண்டைமானாறு என்றதும் எம்மவர் நினைவுக்கு முதலில் வருவது செல்வச்சந்நிதி முருகன் ஆலயமே. பூசகர் தமது வாயை வெண்துணியால் கட்டிக்கொண்டு, மந்திர ஒலியின்றி மௌனமாகப் பூசை செய்யும் மரபு அங்கு இன்றும் பேணப்பட்டு வருகின்றது. வாய் திறவாது வழிபாடு நடைபெறும் அந்த ஊரின் வீடுகளுக்குள், வாயால் சொன்னதைச் செய்து முடிக்கும் ஒரு சிறு கருவி அண்மைக் காலமாக வந்து சேர்ந்து கொண்டிருக்கின்றது. ஸ்மார்ட் ஸ்பீக்கர் என வழங்கப்படும் குரல்வழி ஒலிபெருக்கியே அது. கனடாவிலோ பிரித்தானியாவிலோ நோர்வேயிலோ வாழும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பயணப் பொதியில் கொண்டுவந்து, தனித்திருக்கும் பெற்றோருக்குப் பொருத்திக் கொடுத்துவிட்டுச் செல்கின்றனர். கிழக்கிலும் புத்தளத்திலும் மத்திய கிழக்கிலிருந்து திரும்புவோர் கைகளில் இதே கருவி வருகின்றது.

சந்நிதித் திருவிழாக் காலமொன்றில் நாம் சென்ற ஒரு வீட்டில், இத்தகைய கருவியொன்று விறாந்தை மேசையில் பின்னல் துணிமேல் வைக்கப்பட்டிருந்தது. எண்பது வயதை அண்மித்த அந்த வீட்டுத் தாயார் அதன்மீது பெருங் குறையுடன் இருந்தார். "லைற்றைப் போடு எண்டு சொன்னால் அது இங்கிலீசிலை ஏதோ கதைக்குது தம்பி. விடியக் காலமை ஆறு மணிக்கு அடிக்கிறதுக்கெண்டு பேரன் வைச்சுவிட்டவன், அது பின்னேரம் மூண்டரைக்கு அடிக்குது" என்றார். இரண்டாவது குறைக்கு விடை எளிது. கருவி ரொறன்ரோ நேரத்திலேயே இருந்தது. அங்கு கோடைகாலக் காலை 6 மணி என்பது எமக்குப் பிற்பகல் 3.30 ஆகும். ஐந்து நிமிடத்தில் அதனைச் சரிசெய்ய முடிந்தது. முதலாவது குறையைச் சரிசெய்ய எம்மால் மட்டுமல்ல, வேறெவராலும் அன்று முடிந்திராது. இவ்விரு குறைகளையும் விடப் பெரிய விடயமொன்றை அவர் எம்மிடம் கேட்கவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கவுமில்லை. அதற்குப் பின்னர் வருவோம்.

கருவியின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்வது நன்று. அமேசன் நிறுவனம் 2014ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் 'எக்கோ' என்ற பெயரில் இதனை அறிமுகப்படுத்தியது. 2016இல் கூகுளும் 2018இல் அப்பிள் நிறுவனமும் தத்தமது கருவிகளுடன் வந்தன. இவற்றினுள் ஓர் ஒலிபெருக்கியும், பல திசைகளிலிருந்து வரும் குரலைப் பிடிக்கும் ஒலிவாங்கிகள் சிலவும், இணையத்துடன் இணைக்கும் வைஃபையும் உள்ளன. 'அலெக்சா' என்பது போன்ற விழிப்புச் சொல்லுக்காகக் கருவி எந்நேரமும் காதைத் தீட்டியபடி இருக்கும். அச்சொல்லைக் கண்டறியும் வேலை மட்டும் கருவிக்குள்ளேயே நடைபெறுகின்றது. சொல் கேட்டதும் அதன் பின்னர் பேசப்படுவது பதிவாகி, கடல் கடந்த கணினி நிலையங்களுக்கு அனுப்பப்படுகின்றது. ஒலியை எழுத்தாக்குவதும், பொருள் காண்பதும், மறுமொழியைக் குரலாக்கித் திருப்பி அனுப்புவதும் பெரும்பாலும் அங்கேயே நிகழ்கின்றன. மேசையில் இருப்பது வாயும் காதும்தான். மூளை வேறெங்கோ இருக்கின்றது.

வீட்டில் ஒரு பெட்டி பேசுவது எமக்குப் புதியதன்று. கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பரில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிய காலந்தொட்டு, தலைமுறை தலைமுறையாகப் பெட்டியின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பி. எச். அப்துல் ஹமீதின் தமிழ் உச்சரிப்பைக் கேட்பதற்காகவே வானொலிக்கு அருகில் அமர்ந்திருந்த குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் தமிழகத்திலும் இருந்தன. குடாநாட்டில் 1990களில் மின்சாரமும் இல்லை, மின்கலங்களுக்கும் தடை என்றிருந்த வேளையில், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் செய்தி கேட்டவர்கள் இன்றும் எம்மிடையே உள்ளனர். அந்தப் பெட்டி எமது மொழியிலேயே எம்முடன் பேசியது. எம்மிடமிருந்து எதனையும் அது கேட்டறியவில்லை. இன்று வந்திருக்கும் பெட்டி இவ்விரண்டிலும் மாறுபட்டு நிற்கின்றது.

மொழியை முதலில் எடுத்துக்கொள்வோம். இதனை எழுதும் வேளையில் அமேசனின் அலெக்சாவுக்கோ கூகுளின் வீட்டு ஒலிபெருக்கிகளுக்கோ தமிழ் கட்டளை மொழியாக அமையவில்லை. அலெக்சா 2017இல் இந்திய ஆங்கிலத்தையும் 2019இல் ஹிந்தியையும் கற்றுக்கொண்டது. தமிழ்ப் பாடல்களையும் தமிழ் இணைய வானொலிகளையும் அது ஒலிக்கச் செய்யும். ஆனால் அவற்றை ஆங்கிலத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியானது. அந்த உரிமைக்காகப் பட்ட பாட்டை அறிந்தவர்கள், தமது வீட்டு விறாந்தையில் மின்குமிழை ஏற்றுவதற்கு ஆங்கிலம் பேச வேண்டியுள்ளதே என்று வருந்துவதில் வியப்பில்லை. இக்கருவியால் மிகுந்த பயன் பெறக்கூடியவர்கள் கண்பார்வை குன்றியவர்களும், எழுந்து நடமாட இயலாத முதியோரும், எழுத வாசிக்க அறியாதவர்களுமே ஆவர். தமிழைத் தவிர வேறு மொழி அறியாதவர்களும் பெரும்பாலும் இவர்களே என்பதுதான் இங்குள்ள கொடுமை.

எனினும் தமிழில் பேசும் வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. கைத்தொலைபேசியில் கூகுளின் குரல் உதவியாளர் தமிழுக்கு வந்தது. ஜெமினி லைவ் என்னும் உரையாடல் வசதியில் தமிழ் 2024 ஒக்டோபரில் சேர்க்கப்பட்டது. தொலைபேசியைப் புளூடூத் மூலம் வீட்டு ஒலிபெருக்கியுடன் இணைத்துவிட்டால், தமிழில் கேட்ட கேள்விக்கான விடை பெரிய ஒலியில் காது மந்தமானவர்களுக்கும் கேட்கும். கேள்வியைத் தொலைபேசியைப் பார்த்தே கேட்க வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு. அந்தத் தொண்டைமானாற்றுத் தாயாருக்கு நாம் காட்டிக் கொடுத்ததும் இம்முறையைத்தான்.

இனிப் பொருத்தும் முறைக்கு வருவோம். பிரித்தானியாவிலிருந்து வந்த கருவியின் சதுர முள் செருகி எமது 13 அம்பியர் பொருத்திகளில் நேரடியாகப் பொருந்தும். கனடாவிலிருந்து வந்ததற்கு மாற்றுச் செருகி தேவை. அதற்கு முன்னர் மின்வழங்கிமீது பொறிக்கப்பட்டுள்ள சிறு எழுத்துகளை வாசித்து, 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும் எனக் குறிக்கப்பட்டுள்ளதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். 120 வோல்ற் என்று மட்டும் இருப்பின் எமது 230 வோல்ற் மின்சாரத்தில் அதனைச் செருகவே கூடாது. தொண்டைமானாறு போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று மின்கருவிகளை விரைவில் அரித்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடலைப் பார்த்த யன்னலோரம் இதற்கு உகந்த இடமன்று. சுண்ணக் கற்களால் கட்டிய பழைய வீடுகளின் தடித்த சுவர்கள் வைஃபை அலையைத் தடுப்பதால், ரவுட்டர் உள்ள அறையிலோ அதற்கு அடுத்த அறையிலோ வைப்பது நன்று. தொலைக்காட்சிக்கு அருகில் வைத்தால் நாடகப் பாத்திரங்களின் பேச்சுக்கெல்லாம் அது விழித்துக்கொள்ளும்.

கைத்தொலைபேசியில் உரிய செயலியை நிறுவி, அக்கருவிக்கெனக் கணக்கொன்றைத் திறக்க வேண்டும். எக்கோவாயின் செம்மஞ்சள் ஒளி சுழலும்போது அது இணைக்கப்படத் தயாராக உள்ளது என்று பொருள். செயலியில் வீட்டு வைஃபையைத் தெரிவுசெய்து கடவுச்சொல்லை இட்டதும் இணைப்பு ஏற்படும். நீல ஒளி அது கேட்டுக்கொண்டிருப்பதையும், சிவப்பு ஒளி ஒலிவாங்கி நிறுத்தப்பட்டிருப்பதையும் காட்டும். நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றிவிட வேண்டும். பட்டியலில் கொழும்பு கண்ணில் படாவிட்டால் இந்திய நேரத்தைத் தெரிவுசெய்யலாம். 2006 ஏப்ரல் முதல் இரு நாட்டு நேரமும் ஒன்றே. மொழித் தெரிவில் அமெரிக்க ஆங்கிலத்தை விட இந்திய ஆங்கிலம் எமது உச்சரிப்புக்கு நெருக்கமானது. மின்குமிழ்களுக்கும் விசிறிகளுக்கும் இடும் பெயர்கள் குறுகியனவாக இருத்தல் வேண்டும். 'சாமி' அறை, 'அம்மா' அறை என்பன பொருந்தக்கூடும்; எமது 'குசினி' அதன் காதுக்கு என்னவாகக் கேட்குமோ அறியோம். ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தே தேர வேண்டும். குரலால் இயங்கும் மின்குமிழ்களின் சுவர் ஆளி எப்போதும் போடப்பட்டே இருக்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வைப்பதும் அவசியம். சிக்கன உணர்வுள்ள எமது தாய்மார் போகிற போக்கில் ஆளியை நிறுத்திவிடுவர். பின்னர் எவ்வளவு கூப்பிட்டாலும் விளக்கு எரியாது.

பெரும்பாலான வீடுகள் கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாகவே இணையம் பெறுவதால் தரவுச் செலவையும் கணக்கிட வேண்டும். விநாடிக்கு 128 கிலோபிற் வேகத்தில் பாடல் கேட்டால் மணிக்கு ஏறத்தாழ 58 மெகாபைற் செலவாகும். காலை முதல் மாலை வரை பக்திப் பாடல்களோ கிராஅத்தோ ஒலித்துக்கொண்டிருக்கும் வீட்டில் மாத முடிவில் இது சிறிய தொகையாக இராது.

நாம் முன்னர் குறிப்பிட்ட பெரிய விடயம் இனித்தான் வருகின்றது. அந்த வீட்டுக் கருவி மகனின் கணக்கிலேயே பதிவாகியிருந்தது. தாய் சொல்லும் கட்டளைகளும், தவறுதலாகப் பதிவாகும் பேச்சும் அவரது கணக்கில் சென்று சேரும். வெளிநாட்டில் இருந்தபடியே செயலியைத் திறந்து அவற்றைக் கேட்க அவரால் முடியும். இதில் தீய நோக்கம் எதுவுமில்லை. தாய் விழுந்துவிட்டாரோ, சாப்பிட்டாரோ என்ற கவலையே காரணம். ஆயினும் தாயிடம் இதனை எவரும் சொல்லியிருக்கவில்லை.

இதைவிடத் தீவிரமானது எக்கோ கருவிகளில் 'ட்ரொப் இன்' எனப்படும் வசதியாகும். அனுமதி வழங்கப்பட்ட ஒருவர் அழைத்தால், இங்குள்ளவர் எதனையும் அழுத்தாமலே இணைப்பு ஏற்பட்டுவிடும். பச்சை ஒளி தோன்றும், அறையின் ஒலி அப்பக்கம் கேட்கத் தொடங்கும். நோயுற்றுப் படுக்கையில் இருப்பவருக்கு இது உயிர்காக்கும் வசதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எமது ஊர்களில் அயலவர்கூடப் படலையடியில் நின்று குரல் கொடுத்து, "வாங்கோ" என்ற மறுமொழி வந்த பின்னரே முற்றத்துக்கு வருவார். ஸலாம் கூறி அனுமதி பெறாமல் பிறர் வீட்டினுள் நுழையலாகாது என்பது இஸ்லாம் வற்புறுத்தும் ஒழுக்கம். பெற்ற பிள்ளையாயினும் படலையில் நின்று குரல் கொடுக்காமல் அறைக்குள் வந்து நிற்கும் இவ்வசதியை, அவ்வீட்டில் வாழ்பவரின் சம்மதமின்றித் திறந்து வைப்பது முறையன்று. வந்து போகும் உறவினரும், வேலைக்கு உதவ வரும் பெண்ணும், நியாயம் கேட்க வந்த அயலவரும் பேசுவதும் அதே ஒலிவாங்கியில்தான் விழுகின்றது. யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று வீட்டுக்குள்ளேயே தாழ்ந்த குரலில் பேசிய ஆண்டுகளை இந்த மண்ணின் எந்தச் சமூகமும் மறந்துவிடவில்லை.

நிறுவனங்களின் பக்கமும் வரலாறு நிம்மதி தருவதாக இல்லை. 2018ஆம் ஆண்டு அமெரிக்காவின் போட்லன்ட் நகரில் ஒரு தம்பதியின் வீட்டுப் பேச்சை எக்கோ கருவி பதிவுசெய்து, அவர்களது தொடர்புப் பட்டியலில் இருந்த ஒருவருக்கு அனுப்பிவிட்டது. அலெக்சாவின் திறனை மேம்படுத்துவதற்காக பொஸ்ரன், கொஸ்ரா ரிக்கா, இந்தியா, ருமேனியா ஆகிய இடங்களில் பணியாளர்கள் பதிவுகளைச் செவிமடுக்கின்றனர் என்பது 2019 ஏப்ரலில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் கூகுளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பெல்ஜியத்தின் ஒலிபரப்பு நிறுவனமொன்று கேட்டு ஆராய்ந்தது. அவற்றுள் 150க்கும் மேற்பட்டவை விழிப்புச் சொல் சொல்லப்படாமலே பதிவானவை. சிறுவர்களின் குரற்பதிவுகளை நீண்டகாலம் வைத்திருந்தமை தொடர்பில் 2023ஆம் ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு தொடர்ந்த வழக்கில் அமேசன் 25 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. குரலைக் கருவியிலிருந்து வெளியே அனுப்பாமல் வைத்திருக்கும் தெரிவு சில எக்கோ கருவிகளில் இருந்து வந்தது. 2025 மார்ச் 28ஆம் திகதியுடன் அதுவும் நீக்கப்பட்டது. பதிவைச் சேமித்து வைக்காதே என்று பணிக்கும் தெரிவு மட்டும் எஞ்சியுள்ளது. பொருத்திய அன்றே அத்தெரிவை இட்டுவிட வேண்டும்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. எனவே தொண்டைமானாற்றிலோ காத்தான்குடியிலோ உள்ள ஒருவர், தமது குரற்பதிவுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதற்குச் சட்டத்தை விடச் செயலியில் உள்ள அமைப்புகளையே இப்போதைக்கு நம்ப வேண்டியுள்ளது. கணக்கைப் பிள்ளையின் பெயரில் அன்றி வீட்டில் வாழ்பவரின் பெயரில் திறப்பதும், கடன் அட்டை இலக்கத்தை அதில் இடாமல் விடுவதும், படுக்கையறையில் கருவியை வைக்காதிருப்பதும், இரவில் ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திச் சிவப்பு ஒளி வரச் செய்வதும் எவரும் செய்யக்கூடியவை.

முஸ்லிம் வீடுகளில் தொழுகை நேரத்தை அறியவும் அதான் ஒலிக்கச் செய்யவும் இக்கருவியைப் பயன்படுத்த விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி தரும் நேரம் அதில் இடப்பட்ட ஊரையும் கணிப்பு முறையையும் பொறுத்தது. அஸர் நேரம் ஹனபி முறையில் பிந்தியும் ஷாபிஈ முறையில் முந்தியும் வரும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையினர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவதால் அத்தெரிவைச் சரிபார்த்தல் வேண்டும். ஊர்ப் பள்ளிவாசலின் நேர அட்டவணையுடன் சில நாட்கள் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நோன்பு காலத்தில் ஸஹர், இப்தார் நேரங்களுக்கு இதனை நாடலாம்.

மின்சாரம் நின்றால் இக்கருவி வெறும் பொருளாகிவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. ரவுட்டருக்குச் சிறிய மின்கலச் சேமிப்பான் ஒன்றைப் பொருத்தினாலும் ஒலிபெருக்கிக்கும் அது தேவைப்படும். ஆகவே தனித்திருக்கும் முதியோருக்கு இது உயிர்காப்புக் கருவியாக ஒருபோதும் அமையாது. 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டியையோ 119ஐயோ அழைக்க இதனை நம்பியிருக்கலாகாது; பொத்தான்கள் பெரிதாக உள்ள சாதாரண கைத்தொலைபேசியொன்று தலைமாட்டில் இருப்பதே பாதுகாப்பானது.

தமிழை இக்கருவிகள் என்று கற்கும் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. கற்றாலும் எந்தத் தமிழை என்பது அதனினும் பெரிய வினா. கூகுளின் பேச்சுணர் சேவையில் இலங்கைத் தமிழ் தனிப்பிரிவாகக் குறிக்கப்பட்டுள்ளமை நல்ல அறிகுறி. சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' ஆய்வுக்குழு தமிழ் உள்ளிட்ட 22 இந்திய மொழிகளில் பொதுமக்களின் இயல்பான பேச்சைத் திரட்டியுள்ளது. அங்கு திரட்டப்படுவது தமிழகத் தமிழ். வடமராட்சியின் 'கதைக்கிறியள்', மட்டக்களப்பின் இழுவை, மலையகத்தின் பேச்சு, முஸ்லிம் வீடுகளின் 'வாப்பா', 'உம்மா', 'ராத்தா' ஆகியவற்றை எவரேனும் பதிவுசெய்து கொடுத்தாலன்றி எந்திரம் அவற்றை அறியப்போவதில்லை. மொசில்லா நிறுவனத்தின் 'கொமன் வொய்ஸ்' திட்டத்தில் தமிழ் இடம்பெற்றுள்ளது. எவரும் இலவசமாகச் சேர்ந்து, தரப்படும் வாக்கியங்களைத் தமது குரலில் வாசித்து வழங்கலாம். தமது வட்டார உச்சரிப்பையும் குறிப்பிடலாம். உயர்தர மாணவர்களுக்குத் தமிழ்மொழிமூலப் பரீட்சைகளை நடத்திவரும் வெளிக்கள நிலையம் இயங்கும் ஊர் தொண்டைமானாறு. இத்தகைய பணியொன்று அங்குள்ள மாணவர் கையில் தொடங்கினால் பொருத்தமாகவே இருக்கும். சுணங்குவதற்குக் காலமில்லை; பழைய பேச்சுடையோர் எண்பதைக் கடந்துகொண்டிருக்கின்றனர்.

நாம் விடைபெறும் வேளையில் அந்தத் தாயார் மகனைத் தொலைபேசியில் அழைத்து நடந்தவற்றைச் சொன்னார். கணக்கு அவரது பெயருக்கு மாற்றப்பட்டது. அழைக்காமல் வந்து சேரும் வசதி நிறுத்தப்பட்டது. மகன் இரவு ஏழு மணிக்கு வழக்கம்போலத் தொலைபேசியில் எடுப்பது என்றும், இரண்டு தடவை எடுத்தும் மறுமொழி இல்லையாயின் பக்கத்து வீட்டுக்கு அழைப்பது என்றும் பேசி முடிக்கப்பட்டது. ஒலிபெருக்கி பழைய இடத்திலேயே இருக்கின்றது. காலை ஆறு மணிக்கு, இலங்கை நேரப்படி, அது இப்போது அடிக்கின்றது.